இருவாச்சி பொந்துக்குள் போன கதை

அந்தக் காலத்தில், மரமும் மிருகமும் பறவையும் ஒரே பேச்சுப் பேசிக்கொண்டிருந்தபோது, இருவாச்சிப் பறவை கிளையில்தான் கூடு கட்டியது. எல்லோரையும் போலத் திறந்த கூடு. பொந்தும் கிடையாது, அடைப்பும் கிடையாது.

மலையின் மேல்பக்கம் ஒரு சோலைக்காடு. வெயில் தரையைத் தொடாது. மழை நின்ற பிறகும் இலையிலிருந்து அரை நாள் சொட்டிக்கொண்டே இருக்கும். அங்கே முள்ளுத்தோல் பழம் பழுக்கும் ஒரு வெடிப்பலா மரத்தில் வாச்சி என்ற பெண் இருவாச்சியும் அவள் புருஷன் கொண்டையனும் குடியிருந்தார்கள். காட்டுப் பறவைகளில் அவர்களைவிடப் பெரிய ஆள் கிடையாது. மஞ்சள் அலகு, அதன் தலையில் இன்னோர் அலகைக் கவிழ்த்து வைத்த மாதிரி கொண்டை, விரித்தால் கீழே இருப்பவனுக்கு இருட்டிவிடும் சிறகு. வாச்சிக்கு அந்தச் சிறகுமேல் கொஞ்சம் பெருமை உண்டு. கொஞ்சம் என்ன, நிறையவே உண்டு.

அந்தக் காட்டில் இரண்டு வழக்கம் இருந்தது. ஒன்று, குரல் கொடுப்பது. குடுமிக்கழுகு மலை முகட்டிலிருந்து இறங்கினால், முதலில் பார்க்கிறவர் கத்த வேண்டும். கேட்ட எல்லோரும் இலைக்குள் ஒளிந்துகொள்வார்கள். மரத்துக்கு மேலே என்ன வருகிறது என்று கிளைக்குள் குனிந்து தின்றுகொண்டிருப்பவனுக்குத் தெரியாது. அதனால் அடுத்தவன் குரல்தான் ஒவ்வொருத்தனுக்கும் உசிர்.

இன்னொன்று, கூடு பார்ப்பது. முட்டை வைத்திருப்பவள் பசிக்குப் போனால், பக்கத்தில் இருப்பவள் வந்து கூட்டுக்குக் காவல் இருப்பாள். போனவள் திரும்பும் வரை நகரக் கூடாது. யாரும் யாருக்கும் இதைச் சொல்லிக்கொடுக்கவில்லை. அப்படித்தான் இருந்தது.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட சமயம். வாச்சியின் மரத்துக்கு அடுத்த மரத்தில் சாம்பி என்ற மலைப்புறா முட்டை வைத்திருந்தாள். ஒரே ஒரு முட்டை. மலைப்புறா ஒன்றுதான் வைப்பாள். அவள் புருஷனைப் போன மாதம்தான் கழுகு கொண்டுபோயிருந்தது. அதனால் அடைகாப்பதும் அவள்தான், இரை தேடுவதும் அவள்தான். மழையில் கூட்டை விட்டு நகர முடியாமல் இரண்டு நாளாகப் பட்டினி.

"வாச்சியக்கா," என்று கூப்பிட்டாள். "கால் நடுங்குதுக்கா. இச்சி மரம் பழுத்திருக்காமே. ஒரு எட்டுப் போயிட்டு வந்துடட்டுமா?"

"இதைக் கேட்கணுமாக்கும்? போ, போ."

"மழை..."

"மழை வந்தா? என் சிறகு எதுக்கு இருக்கு? ஒரு சொட்டு விழாது உன் முட்டை மேல. நிதானமாத் தின்னுட்டு வா."

சாம்பி எழுந்து முட்டையை ஒருமுறை அலகால் தொட்டுப் பார்த்துவிட்டுப் பறந்தாள். வாச்சி போய் அந்தக் கூட்டுக்குப் பக்கத்தில் கிளையைப் பிடித்து உட்கார்ந்து, ஒரு சிறகை விரித்துக் கூட்டுக்கு மேல் குடை பிடித்தாள். புறாக் கூடு என்பது பேருக்குத்தான் கூடு. பத்துப் பதினைந்து குச்சி, குறுக்கும் நெடுக்கும் போட்டிருக்கும். கீழே இருந்து பார்த்தால் முட்டையே தெரியும்.

கொஞ்ச நேரத்தில் செம்பன் வந்தான். மலை அணில். செக்கச்செவேலென்ற முதுகும் அவனைவிட நீளமான வாலும். யாரைப் பார்த்தாலும் ஏதாவது சொல்லாமல் போகமாட்டான்.

"என்ன மதினி, காட்டுக்கே குடையா?"

"உனக்குப் பொறாமை."

"எனக்கென்ன பொறாமை? குனிஞ்சா என் வாலே எனக்குக் குடை." கூட்டை எட்டிப் பார்த்தான். "அட, வெள்ளையா எம்புட்டு அழகா இருக்கு! சாம்பி வந்தா நான் கேட்டதாச் சொல்லுங்க. அண்ணன் எங்க?"

"இச்சி மரத்துல. வேற எங்க?"

"நீங்க மட்டும் இங்க. பாவம்தான் போங்க," என்று சிரித்துக்கொண்டே அடுத்த மரத்துக்குத் தாவிப் போய்விட்டான்.

அவன் போன பிறகுதான் வாச்சிக்கு இச்சி மரத்துச் சத்தம் நன்றாகக் கேட்க ஆரம்பித்தது. அங்கே பாதிக் காடு கூடியிருந்தது. குக்குறுவான், மைனா, கருமந்திக் குரங்குக் கூட்டம், எல்லோரும் ஒரே கூச்சல். நடுவில் கொண்டையனின் சிரிப்பு. காற்று திரும்பினால் பழுத்த வாசனை வேறு. அத்தி மாதிரிச் சின்னதான இச்சிப் பழம் மூன்று நாள்தான் இருக்கும். அதற்குப் பிறகு வெறும் கிளைதான்.

முட்டையைப் பார்த்தாள். அது பாட்டுக்கு இருந்தது. மழையும் கொஞ்சம் விட்ட மாதிரிதான் இருந்தது. ரெண்டே பழம், என்று நினைத்தாள். ரெண்டே ரெண்டு. சாம்பிக்கு முன்னால் வந்துவிடலாம்.

போனாள். யாரும் தள்ளவில்லை, யாரும் ஏமாற்றவில்லை. பசிகூடக் கிடையாது. காலையில்தான் தின்றிருந்தாள். ஆசைதான்.

இருவாச்சி குருவி மாதிரி விருட்டென்று எழும்ப முடியாது. கனத்த உடம்பு. கால் மடக்கி, கிளையை ஓங்கி உதைத்தால்தான் மேலே வரும். வாச்சி உதைத்தாள். காலுக்கு அடியில் கிளை கீழே போய் மேலே வந்தது அவளுக்குத் தெரிந்தது. திரும்பிப் பார்க்கவில்லை.

இச்சி மரத்தில் இரண்டு பழத்தோடு நிற்கவில்லை. எட்டு இருக்கும், பத்தும் இருக்கலாம். அவள் உட்கார்ந்த கிளைக்குக் கீழே இரண்டாவது கிளையில் சாம்பி இருந்தாள். நின்றபடி, மென்றும் மெல்லாமல், ஒவ்வொரு பழத்துக்கும் ஒருமுறை வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்து, அவசர அவசரமாக விழுங்கிக்கொண்டிருந்தாள். வாச்சி பெரிய இலைக்குப் பின்னால் நகர்ந்து ஒளிந்துகொண்டாள். காட்டிலேயே பெரிய பறவை, ஒரு புறாவுக்குப் பயந்து ஒளிந்தது. அப்போதாவது இறங்கி, "சாம்பி, நான் வந்துட்டேன், நீ ஓடு" என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இன்னொரு பழத்தைத் தின்றாள்.

பிறகு சத்தம் போடாமல் கிளம்பித் திரும்பி வந்தாள்.

கூடு ஒரு பக்கமாகச் சாய்ந்து தொங்கியது. உள்ளே ஒன்றும் இல்லை.

கீழே பார்த்தாள். ஏலச் செடியின் அகன்ற இலையில் மஞ்சளாக வழிந்திருந்தது. மழை அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கழுவிக்கொண்டிருந்தது. ஓடு இரண்டு துண்டாகத் தரையில் கிடந்தது. யாரும் தின்ற மாதிரி இல்லை. விழுந்த மாதிரிதான் இருந்தது. கிளையைப் பார்த்தாள். பாசி படிந்த கிளையில், அவள் உதைத்துக் கிளம்பிய இடத்தில், நகம் இழுத்த கோடு நீளமாக, பட்டை வெளுத்துத் தெரியக் கிடந்தது. இருவாச்சிக் காலைத் தவிர வேறு எந்தக் காலும் அப்படிக் கீறாது.

வாச்சி என்ன செய்தாள் என்றால், போய் அந்தக் கோட்டின் மேல் உட்கார்ந்துகொண்டாள்.

சாம்பி வாயில் ஒரு பழத்தோடு வந்தாள். கிளையில் அதை வைத்துவிட்டு, "உனக்குத்தான்க்கா, நல்லாப் பழுத்தது," என்றாள். அப்புறம்தான் கூட்டைப் பார்த்தாள். கத்தவில்லை. கூட்டைச் சுற்றி நடந்தாள். மறுபடியும் சுற்றி நடந்தாள். குச்சிக்கு அடியில் அலகை விட்டுத் தேடினாள்.

"எங்கக்கா?" என்று கேட்டாள்.

வாச்சி அந்தக் கோட்டின் மேல் இன்னும் அழுத்தி உட்கார்ந்தாள். 

அதற்குள் குரங்குக் கூட்டத்தின் தலைவன் கருமந்தி வந்துவிட்டான். காட்டில் குரல் கொடுப்பதில் அவன்தான் முதல் ஆள். அதனால் பஞ்சாயத்து பேசுவதும் அவன்தான். பின்னாலேயே அவன் கூட்டம், மைனாக்கள், கடைசியில் கொண்டையன்.

"யாரு வந்தா இந்தப் பக்கம்?" என்று கருமந்தி வாச்சியைக் கேட்டான்.

"செம்பன் வந்தான்," என்றாள் வாச்சி. அது உண்மை.

"வந்து?"

"முட்டையை எட்டிப் பார்த்தான்." அதுவும் உண்மை.

"அப்புறம்?"

இங்கேதான் நிறுத்தியிருக்க வேண்டும். எல்லோரும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சாம்பியும் பார்த்தாள். நான் இங்கே இல்லை, தின்னப் போயிருந்தேன் என்று சொல்ல வேண்டும். அதைச் சொல்லும்போது சாம்பியின் முகம் எப்படி மாறும் என்று நினைத்தாள். நினைத்ததுமே உடம்பெல்லாம் கூசியது.

"மழை அடிச்சுது. நான் தலையைச் சிறகுக்குள்ள வச்சிருந்தேன். தெரியலை."

செம்பனைப் பிடித்து வந்தார்கள். முதலில் விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தான். பிறகு புரிந்தது.

"நானா? நான் கொட்டை தின்கிறவன்ல? முட்டைக்கும் எனக்கும் என்ன? மதினி, நீங்களே சொல்லுங்க. நான் போறப்ப முட்டை இருந்துச்சா இல்லையா?"

"நான் பார்க்கலையே," என்றாள் வாச்சி. தன் காலையே பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"என்ன மதினி இப்படிச் சொல்றீங்க? அழகா இருக்குன்னு சொன்னேனே! நீங்க பதில்கூடச் சொன்னீங்களே!"

"அழகா இருக்குன்னு சொன்னானாம். பார்த்துக்கோங்க," என்று ஒரு மைனா எடுத்துக்கொடுத்தது.

கருமந்தி ரொம்ப யோசிக்கவில்லை. "புருஷனைப் பறிகொடுத்தவ. ஒத்தை முட்டை. அதைப் போய்த் தின்னவனுக்கு இந்தக் காட்டுல குரல் கிடையாது. இனிமே கழுகு வந்தா செம்பனுக்காக யாரும் வாயைத் திறக்கக் கூடாது. அவன் பாடு, கழுகு பாடு."

செம்பன் ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். கடைசியாக வாச்சியைப் பார்த்தான்.  வாயாடிப் பயல், அன்றைக்குத்தான் முதல் முறையாக ஒன்றும் சொல்லாமல் போனான்.

எல்லோரும் கலைந்த பிறகு சாம்பி பக்கத்தில் வந்தாள். "நீ என்ன பண்ணுவக்கா? எனக்காக நனைஞ்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தியே," என்றாள். அவள் வைத்த பழம் கிளையில் அப்படியே இருந்தது. மறுநாள் சிவப்பு நார் சுற்றிய காட்டுச் சாதிக்காய் ஒன்று கொண்டுவந்தாள். அதற்கு மறுநாள் இன்னொன்று. வாச்சியால் விழுங்க முடியவில்லை. சாம்பி அந்தப் பக்கம் போனதும் கீழே போட்டாள்.

மூன்றாம் நாள் கொண்டையனிடம் சொல்லிவிடலாம் என்று ஆரம்பித்தாள். "ஏங்க, அன்னைக்கு நான்..."

"தெரியும்," என்றான் கொண்டையன். "இச்சி மரத்துல இலைக்குப் பின்னால உட்கார்ந்திருந்தியே. பார்த்தேன்."

வாச்சிக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அப்ப ஏன் சொல்லலை?"

"நீ சொல்லலையே."

"அவனுக்குக் குரல் இல்லைன்னுட்டாங்களே..."

"விடு. செம்பன் ஓடுற ஓட்டத்துக்கு எந்தக் கழுகு புடிக்கும்? கொஞ்ச நாள்ல எல்லாரும் மறந்துடுவாங்க." சொல்லிவிட்டு அவனும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அன்று இருவரும் ஒரே கிளையில் ஆளுக்கொரு பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள்.

யாரும் மறக்கவில்லை. கார்த்திகை முழுக்க வாச்சி செம்பனைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பார்க்க வேண்டாம் என்று நினைத்தாலும் கண் அங்கேதான் போனது. முன்பெல்லாம் வெடிப்பலாக் கிளையில் பின்னங்கால் இரண்டாலும் தொங்கி, தலைகீழாக, முள்ளுத் தோலை உரித்து நிதானமாகத் தின்பவன். இப்போது ஒரு கடி, ஒரு பார்வை. ஒரு கடி, ஒரு பார்வை. ஒரு பழம் தின்ன அரை நாள். இலை அசைந்தால் கையில் இருந்ததைப் போட்டுவிட்டு ஓடினான். முதுகுச் சிவப்பு மங்கிப்போனது. விலா எலும்பு தெரிந்தது.

அதைவிட வாச்சியைக் கொன்றது வேறு ஒன்று. ஒருநாள் கழுகு வந்தபோது செம்பன்தான் முதலில் பார்த்தான். பார்த்ததும் கத்தினான். தனக்காக யாரும் கத்தமாட்டார்கள் என்று தெரிந்தும் கத்தினான். அந்தக் குரலில்தான் சாம்பி தப்பித்தாள். வாச்சியும்தான் தப்பித்தாள். கழுகு போன பிறகு யாரும் அவனுக்கு நன்றி சொல்லவில்லை. அவனும் எதிர்பார்த்த மாதிரி தெரியவில்லை. பழைய பழக்கம், தொண்டை தானாகக் கத்திவிட்டது போல.

அன்று போய்ச் சொல்லிவிட வேண்டும் என்று வாச்சி கிளம்பினாள். கருமந்தி உட்கார்ந்திருந்த மரம் வரை போனாள். "என்ன வாச்சி?" என்று கேட்டான். "சும்மாதான்," என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டாள். நாள் போகப் போகச் சொல்வது கஷ்டமாகிக்கொண்டே போனது. முதல் நாள் ஒரு தப்பைச் சொன்னால் போதும். இப்போது முப்பது நாள் வாயை மூடிக்கொண்டிருந்ததையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

மார்கழி. காலையில் பனி விலகிக் காடு பளிச்சென்று இருந்தது. பசி தாங்காமல் செம்பன் தலைகீழாகத் தொங்கி வெடிப்பலாப் பழத்தைக் குடைந்துகொண்டிருந்தான். மேலே பார்க்கவில்லை. எத்தனை நாள்தான் பார்ப்பான்?

முகட்டிலிருந்து குடுமிக்கழுகு இறங்கியது. சத்தமே இல்லை. சிறகை மடக்கி, கல் விழுகிற மாதிரி.

கருமந்தி பார்த்தான். குட்டியை நெஞ்சோடு அணைத்து வாயை இறுக மூடிக்கொண்டான். மைனாக்கள் பார்த்தன. இலைக்குள் புகுந்தன. சாம்பியும் பார்த்தாள். கொண்டையனும் பார்த்தான். அவ்வளவு பெரிய காட்டில் ஒரு வாய் திறக்கவில்லை. செம்பன் பழத்தைக் கடிக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

"செம்பா! கழுகு! காலை விடுலே!"

வாச்சியின் குரல்தான். மலை இடிகிற மாதிரி கேட்டது. செம்பன் யோசிக்கவே இல்லை. காலை விட்டான். அவ்வளவு உயரத்திலிருந்து கொடியிலும் பிரம்பிலும் மோதி மோதிக் கீழே விழுந்தான். கழுகுக்கு வால் மயிர் ஒரு பிடிதான் கிடைத்தது. இரண்டு வட்டம் போட்டுவிட்டுப் போய்விட்டது.

கருமந்தி தாவி வந்தான். "யாரு குரல் கொடுத்தது? நீயா? பேசி முடிச்ச விஷயம்தானே?" பிறகு அவள் நிலையைப் பார்த்துக் குரலைத் தணித்தான். "சரி, வாய் தவறி வந்திருக்கும். பழக்கதோஷம். ஒரு தடவை விட்டுடலாம். என்ன, வாய் தவறித்தானே?"

எவ்வளவு சுலபம். ஆமாம் என்று தலையை ஆட்டினால் போதும். தலை பாதி ஆடியும்விட்டது. அப்போது கீழே பார்த்தாள். ஒரு வேருக்கு அடியில் செம்பன் சுருண்டு கிடந்தான். ஒரு காது கிழிந்திருந்தது. தலையைத் தூக்கி அவளைத்தான் பார்த்தான். அந்தப் பார்வையில் நன்றிதான் இருந்தது. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

"வாய் தவறலை," என்றாள். "அவன் தின்னலை. நான் அங்க இல்லை. பழம் தின்னப் போயிட்டேன். கிளம்புறப்ப நான் உதைச்ச உதையிலதான் கூடு சரிஞ்சுது. கிளையில என் நகக் கோடு இருந்துச்சு. அது மேல நான் உட்கார்ந்துக்கிட்டேன். அதான் யாருக்கும் தெரியலை."

 அவள் இன்னும் கொஞ்சம் சொன்னாள். இலைக்குப் பின்னால் ஒளிந்ததையும் சொன்னாள். சொல்லாமல் விட்டிருக்கலாம், யாரும் அதைக் கேட்கவில்லை. ஆனால் ஆரம்பித்த பிறகு நிறுத்த முடியவில்லை.

"நான் பார்த்தேன். நானும் வாயைத் திறக்கலை," என்று கொண்டையன் முணுமுணுத்தான்.

செம்பன் மெதுவாக ஏறி வந்தான். "அன்னைக்கே ஏன் சொல்லலை மதினி?"

"வெட்கமா இருந்துச்சு."

"வெட்கமா?" என்றான். கோபப்படவில்லை, புரியாமல்தான் கேட்டான். "உங்க வெட்கத்துக்கு என் உசிர் போயிருக்குமே?"

வாச்சி அவனுடைய கிழிந்த காதையே பார்த்துக்கொண்டிருந்தாள். 

சாம்பி கடைசியாக வந்தாள். "நான் உனக்குச் சாதிக்காய் கொண்டாந்தேன்," என்றாள். "பள்ளத்தாக்கு வரைக்கும் போய்த் தேடிக் கொண்டாந்தேன். நீ தின்னுட்டேன்னு நினைச்சேன்."

"தின்னலை சாம்பி. முடியலை. கீழே போட்டுட்டேன்."

"அதுவும் வீணாப் போச்சா?" என்று கேட்டாள் சாம்பி.  அன்று மதியமே மலைக்கு அந்தப் பக்கம் பறந்து போய்விட்டாள். திரும்பி வரவில்லை.

"அப்ப வாச்சிக்குத்தான் குரல் கிடையாது," என்று ஒரு மைனா சொன்னது. நாலு பேர் ஆமாம் போட்டார்கள்.

"வேண்டாம்," என்றான் செம்பன். "அதை யாருக்கும் குடுக்காதீங்க. அது எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும்." பிறகு கருமந்தியைப் பார்த்து, "நீயும் பார்த்தேல? குட்டியைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டுப் பார்த்துக்கிட்டுதானே இருந்த?" என்று கேட்டான். கருமந்தி குனிந்துகொண்டான். ஒவ்வொருத்தராக இடத்தைக் காலி பண்ணினார்கள். அன்றைக்கு அந்தக் காட்டில் நிமிர்ந்து போனவர்கள் யாரும் இல்லை.

வாச்சிக்குத் தண்டனை எதுவும் கொடுக்கவில்லை. கொடுத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அனுபவித்துவிட்டு, முடிந்தது என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் கூடு பார்க்கும் வழக்கம் அன்றோடு நின்றுபோனது. யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. யாரும் யாரையும் கூப்பிடவில்லை, அவ்வளவுதான். அவரவர் கூட்டை அவரவர் பார்த்துக்கொண்டார்கள்.

தை பிறந்தது. வாச்சிக்கு முட்டை வைக்கும் காலம். கொண்டையன் குச்சி பொறுக்கிக்கொண்டு வந்தான்.

"நாம யாரையும் கூப்பிட வேண்டாம், புள்ள. நீ உட்காரு, நான் இரை கொண்டாரேன். நீதானே பார்க்கப் போற, உன் முட்டையைத்தானே?"

வாச்சி பதில் சொல்ல வாயெடுத்தாள். அப்போது காற்று திரும்பியது. ஓடைக்கரையில் எங்கோ இன்னோர் இச்சி மரம் பழுத்திருக்கிறது. வாசனை மூக்கில் பட்டதுதான் தாமதம், அவள் கால் தானாக மடங்கியது. உதைத்துக் கிளம்ப மடங்குகிற மாதிரியே. குனிந்து தன் காலைப் பார்த்தாள். அவ்வளவு அவமானத்துக்கும் பிறகு அந்தக் காலுக்குக் கொஞ்சம்கூட வெட்கம் வரவில்லை.

"குச்சி வேண்டாம், கீழே போடுங்க," என்றாள்.

வெடிப்பலா மரத்தின் நடுத்தண்டில் பழைய கிளை ஒடிந்து விழுந்த இடத்தில் ஒரு பொந்து இருந்தது. வாச்சி அதற்குள் உடம்பைக் குறுக்கிக்கொண்டு நுழைந்தாள். கொண்டை இடித்தது. வால் மடங்கியது. சிறகை விரிக்க இடமே இல்லை.

"என்னடி பண்ற? அதுக்குள்ள எப்படி இருப்ப?"

"மண்ணு கொண்டாங்க. ஓடைக் களிமண்ணு."

"எதுக்கு?"

"வாசலை அடைக்கணும்."

கொண்டையன் விக்கித்துப் போனான். "பாம்பு வருமா? மரநாய் வருமா? நான் காவல் இருக்கேன்."

"பாம்புக்கு நீங்க காவல் இருப்பீங்க. எனக்கு யாரு இருப்பா?"

அவன் மண் கொண்டுவந்தான். அவள் தன் எச்சத்தையும் மென்ற பழத்தையும் அந்த மண்ணோடு குழைத்து, அலகின் பக்கவாட்டால் தட்டித் தட்டிப் பூசினாள். வாசல் சின்னதாகிக்கொண்டே வந்தது. அலகு நுனி நீட்டும் அளவுக்கு ஒரு கீற்று மட்டும் மிச்சம் வைத்தாள். அப்புறம் உள்ளே ஏதோ சத்தம் கேட்டது. கொண்டையன் கீற்றில் கண்ணை வைத்துப் பார்த்தான். வாச்சி தன் சிறகிலிருந்து பெரிய இறகு ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"ஏய்! அதை ஏண்டி புடுங்குற? அதுல எவ்வளவு பெருமை உனக்கு!"

"அடைப்பை உடைச்சுக்கிட்டு வந்தாலும் வருவேன். இது இல்லைன்னா எங்க போவேன்?"

"வலிக்கலையா?"

"வலிக்குது," என்றாள்.

கொண்டையன் இச்சி மரத்துக்குப் போனான். தொண்டை நிறையப் பழத்தை அடக்கிக்கொண்டு வந்து, ஒவ்வொன்றாக அலகு நுனிக்குக் கொண்டுவந்து, கீற்றுக்குள் நீட்டினான். உள்ளே இருந்து அலகு நுனி வந்து வாங்கிக்கொண்டது. அவள் முகம் தெரியவில்லை. காட்ட வேண்டாம் என்று நினைத்தாளோ என்னவோ, அவனும் குனிந்து பார்க்கவில்லை. குஞ்சு பொரிந்து, அதற்கு மயிர் முளைத்து, வாச்சிக்குப் புது இறகு வரும் வரை, நாளுக்கு இருபது தடவை அப்படி வந்து போனான்.

அன்று முதல்தான் இருவாச்சிப் பெண் முட்டைக் காலம் வந்தால் மரப்பொந்துக்குள் போய்ச் சிறகுதிர்த்துக் கிடக்கிறாள், ஆண் அலகு வழியாக ஊட்டுகிறான். பொந்து வாசலைப் பூசுவது அவளேதான். உள்ளே இருந்துதான் பூசுகிறாள்.